"சும்மா" என்னும் சொல்



தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வளரும் நம் வீட்டுக் குழந்தைகளுள் பலருக்குத் தமிழ் எழுத வராது. சிலருக்குப் படிக்கவும் வராது. லகரமும் ளகரமும் அவர்கள் நாவில் ஒன்றாகிவிடும். ழகரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டுவதில்லை. ஆயினும் ஒரு சொல்லை மட்டும் அக்குழந்தைகளுள் எவரும் இடமறியாது வழங்கி நான் கேட்டதில்லை. "தங்கையை ஏன் அடித்தாய்?" என்று கேட்டால், "சும்மா" என்று விடை வருகிறது. "அங்கே நின்று என்ன செய்கிறாய்?" என்றால் அதற்கும் "சும்மா". எந்தப் பாடநூலும் இச்சொல்லைக் கற்பிப்பதில்லை. எந்த ஆசிரியரும் இதற்குப் பொருள் எழுதிவரச் சொல்வதில்லை. வீட்டில் நாள்தோறும் காதில் விழுந்தே இது குழந்தையிடம் வந்து சேருகிறது. இச்சொல்லைப் பற்றியே இன்று சில செய்திகள் சொல்ல எண்ணுகிறேன்.

இதன் பொருள் யாது என்று கேட்டால் உடனே விடை சொல்லிவிடலாம் போலத் தோன்றும். முயன்று பார்த்தால்தான் அருமை தெரியும். "சும்மா இரு" என்று தாய் மகனை அதட்டினால், வாயை மூடு என்பது பொருள். அவ்விரு சொற்களையே மருத்துவர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால், அசையாதே என்பது பொருள். "படித்துவிட்டுச் சும்மா இருக்கிறான்" என்றால் வேலை கிடைக்கவில்லை. "வீடு சும்மா கிடக்கிறது" என்றால் குடியிருப்பார் இல்லை. "கடைக்காரர் சும்மா கொடுத்தார்" என்றால் விலை வாங்கவில்லை. குழம்பு தீர்ந்துவிட்டபின் சோற்றைச் சும்மா தின்கிறோம். "சும்மா சொன்னேன்" என்றால் சொன்னது மெய்யன்று, விளையாட்டு. "அவனைச் சும்மா விடமாட்டேன்" என்று ஒருவர் பல்லைக் கடித்தால், தண்டனையின்றி விடமாட்டேன் என்று அறிந்து நாம் சற்று விலகி நிற்கிறோம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் என்னும் பேரகராதியும் இதற்குப் பல பொருள்களை அடுக்குகிறது. அகராதி செய்வோர்க்கு அது கடமை. எனினும், மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இத்தனை பொருள்களுக்கும் அடியில் ஒரே ஒரு பொருள்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. மேற்சொன்ன இடங்களிலெல்லாம் ஏதோ ஒன்று இல்லை. ஓரிடத்தில் பேச்சு இல்லை. ஓரிடத்தில் அசைவு இல்லை. பிறவற்றில் வேலையும் விலையும் குழம்பும் தண்டனையும் இல்லை. இருக்கக் கூடியது, இருக்குமென்று நாம் எதிர்பார்ப்பது, அங்கே இல்லை என்பதை இச்சொல் அறிவிக்கிறது. எது இல்லை என்பதை மட்டும் அது சொல்வதில்லை. அரசாங்கப் படிவங்களில் கோடிட்ட இடம் ஒன்றை விட்டிருப்பார்களே, அதைப் போன்றது இச்சொல். கேட்பவர் அவ்விடத்தை நிரப்பிக்கொள்ள வேண்டும். தமிழ்க் குழந்தை அதை மூன்று வயதிலேயே நிரப்பக் கற்றுவிடுகிறது என்பது வியப்புக்குரியதே.

இதை இந்தியில் சொல்ல முயலுங்கள். காரணமின்றி என்னும் இடத்தில் "யூன் ஹீ" என்றோ "ஐஸே ஹீ" என்றோ சொல்லலாம். பேசாதே என்னும் இடத்தில் அது உதவாது, "சுப்" வேண்டும். விலையில்லை என்றால் "முஃப்த்". வேலையில்லை என்றால் "பேகார்" அல்லது "காலி". வீண்வம்புக்கு "காமகா" என்று வேறொரு சொல். ஆக, தமிழர் ஒரு சொல்லால் முடிக்கும் காரியத்துக்கு இந்தி பேசுவோர் ஐந்தாறு சொற்களை வைத்திருக்கின்றனர். இதனால் தமிழ் உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்றுக்கு ஐந்து சொல் வைத்திருப்பவர்கள் தெளிவாகப் பேசுகிறார்கள் என்று அவர்களும் சொல்லலாமன்றோ? ஒன்று மட்டும் உறுதி. "சும்மா" வரும் தமிழ் வாக்கியத்தை மொழிபெயர்க்க உட்காருபவர், அங்கே இல்லாதது எது என்று முதலில் தேடிக் காண வேண்டும். அதைக் கண்ட பின்னரே எழுத முடியும்.

தென்னாட்டு மொழிகளுக்குள் சென்றால் உறவு புலப்படுகிறது. கன்னடத்தில் "சும்மனெ" என்பர். பேசாதிரு என்பதற்குச் "சும்மனிரு" என்பர். மலையாளிகளுக்கும் "சும்மா" உண்டு. "சும்மாதிரி" என்று பிள்ளைகளை அடக்குவர். அதனோடு "வெறுதெ" என்ற சொல்லையும் வழங்குவர். நம்முடைய "வெறுமனே" அதற்கு உடன்பிறப்பு. தெலுங்கர் சொல் வேறு. ஆனால் போக்கு இதுவே. "ஊரிகே" என்றால் காரணமின்றி என்றும் விலையின்றி என்றும் பொருள். "ஊருகோ" என்றால் அடங்கியிரு. மும்பையிலும் புணேயிலும் வாழும் நேயர்கள் மராத்தியைக் கவனித்திருப்பார்கள். "உகாச்" என்றால் காரணமில்லாமல். "உகா" என்றால் பேசாமல். அழும் குழந்தையை "உகீ, உகீ" என்று தட்டித் தேற்றுகிறார்கள். பேச்சின்மையையும் காரணமின்மையையும் ஒரே சொல்லில் கட்டிப்போடும் வழக்கம் விந்தியத்தின் தென்புறத்தே இவ்வாறு பரவிக் கிடக்கிறது. கொல்கத்தா நேயர்கள் "எம்னி" என்னும் வங்கச் சொல்லை நினைவூட்டுவார்கள். அதுவும் நெருங்கி வருவதே. ஆனால் வாயை மூடு என்பதற்கு அது பயன்படாது.

நம் எழுத்து நடையில் இச்சொல்லுக்கு நெடுங்காலம் முன்வாயில் திறக்கப்படவில்லை. புலவர்கள் "வாளா" என்றும் "வறிதே" என்றும் எழுதினார்கள். "வாளாவிருந்தான்" என்று எழுதுவோர் இன்றும் உளர். வீட்டில் மனைவியிடம் "வாளாவிரு" என்று சொல்லிப் பார்த்தவர் உளரோ, அறியேன். அலுவலகக் கோப்புகளில் "காரணமின்றி", "கட்டணமின்றி", "பயன்படுத்தப்படாத நிலையில்" என்றெல்லாம் எழுதுகிறோம். "மேற்படிக் கட்டடம் சும்மா கிடக்கிறது" என்று எழுதினால் மேலதிகாரி சிவப்பு மையால் அடித்துவிடுவார். ஆனால் அந்த மேலதிகாரியே மாலையில் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது "ஆபீசில் ஒரு கட்டடம் சும்மா கிடக்கிறது" என்றுதான் சொல்வார்.

இச்சொல்லோடு உருவத்தால் ஒத்த பழஞ்சொல் ஒன்று உண்டு. "சும்மை" என்பது அது. தொல்காப்பியத்து உரியியலில் கம்பலை, கலி, அழுங்கல் என்பவற்றோடு சேர்த்து அதையும் எண்ணியிருக்கிறார்கள். பொருள் என்னவென்றால், ஆரவாரம்! மௌனத்தைக் குறிக்கும் சொல்லுக்கு ஓர் எழுத்து வேறுபாட்டில் இரைச்சலைக் குறிக்கும் சொல் அமைந்திருப்பது வேடிக்கைதான். வடிவம் ஒத்திருப்பதைக் கொண்டு இரண்டையும் உறவாக்கிவிடக் கூடாது. "சும்மாடு" என்று ஒன்று உண்டே, தலையில் சுமை ஏற்றுவோர் துணியைச் சுருட்டி வைத்துக்கொள்வது, அதுவும் சுமையின் இனமே அன்றிச் சும்மாவின் இனமன்று. இவ்விரண்டையும் கலந்து ஒரு பழமொழிக்கு உரை சொல்வாரும் உண்டு. சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்று நாம் சொல்கிறோம். காரணமின்றி ஒன்றும் நடவாது என்பது கருத்து. அது சும்மாடு ஆகுமா என்றிருந்து திரிந்தது, முன்குடுமி எவ்வளவு தடித்ததாயினும் சுமை தாங்குமா என்பதே கேள்வி என்பர் அவர்கள். கேட்க நயமாக இருக்கிறது. ஆனால் ஊரார் பழமொழியை வழங்குவது முதற்பொருளில்தான். வழக்கே வெல்லட்டும் என்று விட்டுவிடலாம்.

பேச்சு வழக்கில் இச்சொல் ஆடும் ஆட்டம் இன்னும் பல. "சும்மா சொல்லக்கூடாது, பெண் நன்றாகப் பாடினாள்" என்கிறோம். பாராட்டுவதற்குக்கூட இப்படி ஒரு தயக்கத்தோடு தொடங்குவது நம்மவர் இயல்பு. முகமனுக்காகச் சொல்லவில்லை, பொருளுணர்ந்து சொல்கிறேன் என்பது கருத்து. "எழுபது வயதில் பழனி மலை ஏறினார் என்றால் சும்மாவா?" என்னும்போது அது எளிய காரியமன்று என்பது தானே விளங்குகிறது. இரட்டித்துச் "சும்மாச் சும்மா" என்றால் அடிக்கடி என்று பொருள். ஒவ்வொரு தடவையும் காரணமில்லை என்பது உள்ளே கிடக்கிறது. "பாத்திரத்தைத் தேய்த்தாள், சும்மா பளபளவென்று மின்னுகிறது" என்று சொல்லும் இடத்தில் மட்டும் நான் முன்னே கொடுத்த திறவுகோல் எளிதில் திரும்பாது. தடை யாதுமின்றி மின்னுகிறது என்று கொள்ளலாம். சற்று வலிந்து கொள்வதுதான்.

இனி, இச்சொல்லின் உயர்ந்த படிக்கு வருவோம். சந்தையிலும் அடுக்களையிலும் புழங்கும் இதே சொல்லை நம் அருளாளர்கள் எடுத்து ஞானத்தின் உச்சியில் வைத்துவிட்டார்கள். முருகப்பெருமான் தமக்கு இட்ட உபதேசம் சும்மா இருக்கச் சொன்னதே என்று பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் கந்தரநுபூதியில் பாடினார். பதினெட்டாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளியில் நாயக்க அரசில் அலுவல் பார்த்த தாயுமானவருக்கு மௌனகுரு அருளிய மொழியும் அதுவே என்பது மரபு. 1896இல் மதுரையை விட்டுத் திருவண்ணாமலைக்கு வந்து, 1950இல் மறையும்வரை அவ்வூரை விட்டு அகலாதிருந்த ரமண மகரிஷியும் வந்தவர் பலருக்கு இந்த இரண்டு சொற்களைச் சொன்னார். உலகெங்கிலுமிருந்து வந்தவர்கள் இதைத் தத்தம் மொழியில் பெயர்த்தார்கள். அசையாதிரு என்று சிலர் பெயர்த்தனர். பேசாதிரு என்று சிலர் பெயர்த்தனர். இரண்டும் பாதிதான். "இரு" என்பதற்குத் தமிழில் உட்கார் என்றும், காத்திரு என்றும், உளனாக இரு என்றும் பொருளுண்டு. வேறொன்றும் சேராமல் வெறுமனே உளனாக இருப்பது எப்படி என்பதே அங்குள்ள வினா.

அது எவ்வளவு அரிது என்பதற்கு நம் ஊர்களில் வழங்கும் கதை ஒன்று உண்டு. ஒரு கோயிலில் நாள்தோறும் பணியாளர்களுக்குப் பிரசாதம் பங்கிடும் கணக்கு எழுதி வைத்திருந்தார்கள். விளக்கேற்றுபவருக்கு ஒரு பட்டைச் சோறு, பூக்கட்டுபவருக்கு ஒரு பட்டைச் சோறு என்று வரிசையாக எழுதி, கடைசியில் "சும்மா இருக்கும் சாமியாருக்கு இரண்டு பட்டைச் சோறு" என்று கண்டிருந்தது. புதிதாக வந்த அதிகாரி அதைப் பார்த்துக் கொதித்தார். உழைப்பவனுக்கு ஒன்று, சும்மா இருப்பவனுக்கு இரண்டா? சாமியாரின் சோற்றை அன்றே நிறுத்தினார். பிறகு, சும்மா இருப்பதில் என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று தாமே மண்டபத்தில் ஒரு தூணருகே கண்ணை மூடி அமர்ந்தார். முதலில் கால் மரத்தது. பிறகு முதுகு அரித்தது. உடம்பை ஒருவாறு அடக்கினார், மனம் கிளம்பிற்று. வீட்டில் நெல் அவித்தார்களா, மைத்துனன் வாங்கிய கடன் என்னவாயிற்று, இந்தக் கணக்கப்பிள்ளை நேர்மையானவன்தானா என்று ஒரு நாழிகைக்குள் ஊரெல்லாம் சுற்றி வந்தார். எழுந்து போய்க் கணக்குப் புத்தகத்தை எடுத்து, இரண்டு பட்டை என்பதை அடித்துவிட்டு நான்கு பட்டை என்று எழுதினார்.

இந்தக் கதையைச் சோம்பேறிகள் தமக்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. அது தவறு. சாமியார் சும்மா இருந்ததும், திண்ணையில் சீட்டாடுபவன் சும்மா இருப்பதும் ஒன்றல்ல. ஒருவரிடத்தில் இல்லாதது அலையும் மனம். மற்றவனிடத்தில் இல்லாதது வேலை மட்டுமே.

தத்துவத்தை இவ்வளவில் விட்டுவிட்டு நம் வீடுகளுக்கு வருவோம். நெடுநாள் காணாத நண்பர் ஒருவர் மாலையில் வந்து கதவைத் தட்டுகிறார். என்ன செய்தி என்று கேட்கிறோம். "ஒன்றுமில்லை, சும்மா வந்தேன்" என்கிறார். காபி குடிக்கிறார், ஊர்ச் செய்தி பேசுகிறார், எழுந்து வாசல்வரை சென்று செருப்பை மாட்டிக்கொள்ளும்போதுதான், மகனுடைய கல்லூரிக் கட்டணத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார். அவர் சும்மா வரவில்லை. கேட்பதற்கு நாணிய நெஞ்சம் அச்சொல்லைத் திரையாகப் பிடித்துக்கொண்டது. ஊரிலிருந்து தாயார் தொலைபேசியில் அழைத்து, "சும்மாதான் கூப்பிட்டேன்" என்று சொல்லும்போதும் அப்படியே. முன்நாளில் தொலைதூர அழைப்புக்கு நிமிடக் கணக்கில் பணம் அழவேண்டி இருந்தது. அப்போது சும்மா அழைப்பார் இல்லை. இப்போது அழைக்கிறார்கள். வேலையாக இருக்கும் மகனும் மகளும், காரியம் ஒன்றுமில்லையே என்று எண்ணிப் பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். நான் மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் கூறுவது, அவ்விடத்தில் இல்லாதது காரியமன்று. எதிரே முகம் பார்த்துப் பேச ஓர் ஆள்.

இதனினும் கனமானது இன்னொரு வாக்கியம். "வேலைக்குப் போகிறீர்களா?" என்று கேட்டால், "இல்லை, வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்" என்று நம் பெண்கள் சொல்லும் விடை அது. விடியுமுன் எழுந்து, குழாயில் நீர் வரும் நேரம் பார்த்துப் பிடித்து வைத்து, காலைச் சிற்றுண்டியும் பகலுணவும் முடித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்கு மருந்து கொடுத்துவிட்டு வந்து நிற்பவர் சொல்லும் விடை! அந்தச் சொல் அவர் கண்டுபிடித்ததன்று. அவரைப் பற்றிப் பிறர் சொல்லக் கேட்டுக் கற்றுக்கொண்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இதில் பின்தங்கவில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தம் வீட்டு வேலையை மட்டும் செய்வோர் தொழில் செய்யாதோர் என்னும் பிரிவிலேயே சேர்க்கப்பட்டனர். அதே அரசின் புள்ளியியல் துறை 2019இல் மக்கள் தம் பொழுதை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று நாடெங்கும் ஆய்ந்தது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடங்கள் செலவிட்டார் என்றும், ஈடுபடும் ஆண் 97 நிமிடங்கள் செலவிட்டார் என்றும் அந்த ஆய்வு கண்டது. 299 நிமிடங்கள் என்பது ஏறத்தாழ ஐந்து மணி நேரம். 2024இல் மீண்டும் ஆய்ந்தபோது பெண்ணுக்கு 289 என்றும் ஆணுக்கு 88 என்றும் கண்டார்கள். இங்கே இல்லாதது வேலையன்று என்பது வெளிப்படை. இல்லாதது கூலி. சிலவேளை, ஒரு நல்ல சொல்லும் இல்லை.

வடநாட்டு நகரங்களில் வாழும் நமக்கு இச்சொல் மற்றொரு வழியாகவும் வந்து சேருகிறது. ஊரில் தனியே இருக்க வேண்டாமென்று வயது முதிர்ந்த பெற்றோரை அழைத்து வந்து வைத்துக்கொள்கிறோம். மகனும் மருமகளும் அலுவலகத்துக்கும் பேரன் பள்ளிக்கும் போய்விட்டால் மூன்றாம் மாடி வீட்டில் பெரியவர் ஒருவர் மட்டும் இருக்கிறார். ஊரில் அவர் வயலுக்குப் போய் வந்தவர். கோயில் தேருக்கு வடம் பிடித்தவர். பஞ்சாயத்தில் ஒரு சொல் சொன்னால் கேட்க நாலு பேர் இருந்தார்கள். இங்கே காய்கறி வண்டிக்காரர் கூவும் மொழிகூட அவருக்குப் புரியவில்லை. மாலையில் மகன் வந்து "பகலெல்லாம் என்ன செய்தீர்கள், அப்பா?" என்று கேட்டால், "சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்" என்கிறார். மகன் அதைக் கேட்டு, அப்பா ஓய்வாக இருக்கிறார் என்று மகிழ்கிறான். சாமியாரின் சும்மாவும் அன்று, திண்ணைச் சீட்டாட்டக்காரனின் சும்மாவும் அன்று இது.

தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் நான் நடக்கப் போகும் பூங்காவில் மாலை வேளைகளில் இரு முதியவர்கள் ஒரே பலகையில் அமர்ந்திருப்பதைப் பார்க்கிறேன். ஒருவர் தஞ்சை மாவட்டத்துக்காரர். மற்றவர் தார்வாட்டுப் பக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்தவர். முன்னவருக்குக் கன்னடம் வராது. பின்னவருக்குத் தமிழ் வராது. இருவருக்கும் இந்தி சரளமில்லை. தொடக்கத்தில் பலகையின் இரு கோடியில் அமர்ந்திருந்தார்கள். ஒருநாள் கன்னடத்துப் பெரியவர் இவரைப் பார்த்துக் கையசைத்து ஏதோ கேட்டிருக்கிறார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்பதாக இவர் ஊகித்து, "சும்மா" என்றிருக்கிறார். அவர் முகம் மலர்ந்து, தம் மார்பைத் தொட்டுக் காட்டி, "சும்மனே" என்றாராம். இப்போது இடையிலிருந்த இடம் குறைந்துவிட்டது. குளிர்காலத்தில் ஒருவர் கொண்டுவரும் வேர்க்கடலையை இருவரும் உடைத்துத் தின்கிறார்கள். அந்த வழியே போகும்போது நான் வணங்கினால், தஞ்சைப் பெரியவர் நண்பரைக் காட்டி, "இவரும் நம்மைப் போலச் சும்மா இருக்கிறவர்தான்" என்று அறிமுகம் செய்து வைக்கிறார்.